ரீபில்ட் டைட்டில் எலக்ட்ரிக் கார்: அடி எங்கே விழுந்தது?

டாலஸ் பக்கம் நம்மவர்கள் இருக்கிற எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். "அண்ணா, 2021 டெஸ்லா மாடல் 3, 41,000 மைல், 15,500 டாலர் சொல்றாங்க. ரீபில்ட் டைட்டிலாம். எடுக்கலாமா?" கீழே பத்துப் பதில்கள் விழும். ஐந்து பேர் "வேண்டவே வேண்டாம்" என்பார்கள். மூன்று பேருக்கு அப்படி ஒரு கார் வைத்திருக்கும் மச்சான் இருப்பான், அது "சூப்பரா ஓடுது". மீதி இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போவார்கள். டைட்டில் என்பது காரின் உரிமைப் பத்திரம். அடிபட்டுச் சரிசெய்த கார் என்றால் அதில் 'ரீபில்ட்' என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அந்தக் காருக்கு என்ன ஆச்சு என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட மூன்று கார்களை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டை வேண்டாம் என்று விட்டேன். ஒன்றை வாங்கினேன். 2020 செவ்ரலே போல்ட், இப்போது மூன்றாவது வருஷமாக ஓடுகிறது. அந்த அனுபவத்தில் இருந்து, எந்த வரிசையில் பார்க்க வேண்டுமோ அதே வரிசையில் எழுதுகிறேன். எந்தப் படியில் பதில் சரியாக வரவில்லையோ அங்கேயே நிறுத்திவிடலாம், அடுத்த படிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

படி 1: டைட்டில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்ட காரைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவினால் அதன் டைட்டில் 'சால்வேஜ்' ஆகிறது. யாரோ அதை ஏலத்தில் எடுத்துச் சரிசெய்து மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்தால் அது 'ரீபில்ட்'. எந்த அளவு சேதத்தில் கைகழுவலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் காரின் மதிப்பில் 75 சதவீதம், ஃப்ளோரிடாவில் 80, டெக்ஸஸில் 100. கலிஃபோர்னியாவில் சதவீதம் இல்லை. பழுதுச் செலவையும் உடைந்த காரின் விலையையும் கூட்டி, அது காரின் மதிப்பைத் தொடுகிறதா என்று பார்க்கிறார்கள்.

'ரீபில்ட்' என்று அச்சிட்டிருந்தால் அரசாங்கம் சோதித்துப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு சோதனை உண்டு, ஆனால் திருட்டுப் பாகம் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது. பிரேக் பிடிக்கிறதா, பேட்டரி நன்றாக இருக்கிறதா என்பது அவர்கள் வேலை இல்லை. எங்கள் டெக்ஸஸில் விடிஆர்-61 என்று ஒரு படிவம், அதில் என்னென்ன மாற்றினோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோகக் கார்களுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையும் இங்கே இல்லை. டொரொன்டோ பக்கம் இருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. ஒன்டாரியோவில் சால்வேஜ் ரீபில்டாக மாற, காரின் கட்டமைப்பைச் சோதித்த சான்றிதழ் வேண்டும். ஆனால் அதுவும் பேட்டரியைத் திறந்து பார்த்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை.

படி 2: போய்ப் பார்ப்பதற்கு முன்னால் உடைந்த கோலத்தைப் பாருங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை, வின் நம்பரை. ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண் அது, 17 எழுத்து. தர மறுத்தாலோ, "நேர்ல வாங்க, காட்டறேன்" என்று இழுத்தாலோ பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அந்த நம்பரை வைத்து மூன்று காரியம் செய்யலாம். இன்சூரன்ஸ் மோசடிகளைக் கண்காணிக்கும் என்ஐசிபி தளத்தில் இலவசமாகத் தட்டிப் பார்க்கலாம், திருட்டும் சால்வேஜும் தெரியும். மத்திய அரசின் என்எம்விடிஐஎஸ் தகவல் தொகுப்பில் இருந்து அனுமதி பெற்ற தளங்கள் வழியாகச் சில டாலருக்கு ஒரு அறிக்கை எடுக்கலாம். எந்தெந்த மாநிலத்தில் டைட்டில் மாறியது, அதில் சால்வேஜ் மாதிரி என்ன முத்திரை விழுந்தது என்பது அதில் வரும். மூன்றாவது, அதே நம்பரை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுவது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைகழுவும் கார்களில் பெரும்பகுதி கோபார்ட், ஐஏஏ என்ற இரண்டு ஏலக் கம்பெனிகள் வழியாகத்தான் போகிறது. அங்கே எடுத்த படங்கள் பல தளங்களில் அப்படியே தங்கிவிடும். பளபளவென்று கழுவி நிறுத்தியிருக்கும் கார் முகம் நசுங்கிக் கிடந்த நாளை அந்தப் படங்களில் பார்க்கலாம்.

படங்களில் பார்க்க வேண்டியது அடி எங்கே விழுந்தது என்பதை. எலக்ட்ரிக் காரில் பேட்டரி பேக் தரைக்கு அடியில், இரண்டு பக்கக் கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டங்களுக்கு நடுவில், பாய் விரித்த மாதிரி படுத்திருக்கும். பெட்ரோல் காரில் கதவுப் பக்கம் விழுந்த அடியைத் தகர வேலை என்று விட்டுவிடலாம், இங்கே அது பேட்டரியின் விலாவில் விழுந்த அடி. அதனால் நான் வைத்திருக்கும் விதி இது.

வெள்ளம் என்றால் வேண்டாம். கடல்நீர் என்றால் வாசலைக்கூட மிதிக்காதீர்கள். 2022 செப்டம்பரில் இயன் புயல் ஃப்ளோரிடாவைத் தாக்கியபோது உப்புத் தண்ணீர் புகுந்த எலக்ட்ரிக் கார்கள் பல நாள், பல வாரம் கழித்துத் தானாகத் தீப்பிடித்தன. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி மின்சாரத்துக்குப் பாலம் போட்டுவிடுகிறது. இப்படிப்பட்ட கார்களைக் கட்டடங்களில் இருந்து 50 அடி தள்ளி நிறுத்தச் சொல்கிறது நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ. அதை உங்கள் வீட்டு கராஜில், குழந்தைகள் தூங்கும் அறைக்குக் கீழே நிறுத்த வேண்டுமா?

தீ, அடிப்பகுதிச் சேதம், சட்டம் வரை உள்ளே போன பக்கவாட்டு அடி, இவையும் வேண்டாம். பின்பக்கம் லேசான இடி, ஏர்பேக் வெடிக்காத முன்பக்க இடி, ஆலங்கட்டி மழை, திருடுபோய்க் கிடைத்த கார், இவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

இங்கே ஒரு விஷயம் நமக்குச் சாதகமாகவும் இருக்கிறது, பாதகமாகவும் இருக்கிறது. பேட்டரி விலை அதிகம் என்பதால் இன்சூரன்ஸ்காரர்கள் எலக்ட்ரிக் காரைச் சீக்கிரம் கைகழுவுகிறார்கள். கனடாவில் வான்கூவர் பக்கம் ஒரு ஹூண்டாய் ஐயானிக் 5-க்கு பேட்டரி உறையில் சின்னச் சேதம், மாற்ற 60,000 கனடிய டாலருக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்ததாக 2023-இல் செய்தி வந்தது. புதுக் காரே அதைவிடக் குறைவு. இப்படிக் கைகழுவிய கார்களில் உண்மையிலேயே நல்ல பேக் உள்ளதும் இருக்கும், உள்ளே ஒரு செல் நசுங்கியதும் இருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் பழைய படம் கிடைக்காத காரை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

படி 3: மூன்று போன் கால்

முதல் கால், தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு. வின் நம்பரைச் சொல்லி, வாரன்டி இருக்கிறதா, நிலுவையில் உள்ள ரீகாலை, அதாவது கோளாறு என்று கம்பெனியே திரும்பக் கூப்பிட்ட வேலையை, இந்த டைட்டிலோடு செய்து தருவீர்களா என்று கேளுங்கள். ரீகால் இருக்கிறதா என்பதை என்எச்டிஎஸ்ஏ தளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். வாரன்டி பெரும்பாலும் போயிருக்கும். எலக்ட்ரிக் காரில் இது சின்ன இழப்பு இல்லை. பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,00,000 மைல் என்று கொடுக்கும் அந்த உறுதிதான் பழைய எலக்ட்ரிக் காரை நம்பி வாங்கவைக்கும் விஷயமே.

போல்ட் பார்ப்பவர்கள் இந்த போன் காலில் கொஞ்சம் அதிக நேரம் பேசுங்கள். 2017 முதல் 2022 வரையிலான எல்லா போல்ட்டுக்கும் தீ அபாயத்தால் பேட்டரி ரீகால் வந்தது. சில கார்களில் பேட்டரியை மாற்றினார்கள், சிலவற்றில் சாஃப்ட்வேரோடு விட்டார்கள். நான் வாங்கியதில் பேட்டரி மாற்றிய ரசீது இருந்தது, விபத்து அதற்குப் பிறகு நடந்தது. அந்த ரசீது இல்லையென்றால் வாங்கியிருக்க மாட்டேன்.

டெஸ்லா என்றால் இன்னும் ஒரு கேள்வி. சால்வேஜ் ஆன கார்களுக்கு அந்தக் கம்பெனி ஃபாஸ்ட் சார்ஜிங்கை முடக்கிவிடக்கூடும். இன்றைக்கு வேலை செய்தாலும் இந்தக் காரின் மேல் தடை ஏதும் இருக்கிறதா என்று அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காரின் ஆப் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். விபத்துக்கு முன்னால் வைத்திருந்தவர் பெயரிலேயே இருந்தால், நீங்கள் பணம் கொடுத்த காரை முன்பின் தெரியாத ஒருவர் போனில் இருந்து திறக்கலாம்.

இரண்டாவது கால் உங்கள் இன்சூரன்ஸ்காரருக்கு. அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி சுலபமாகக் கிடைக்கும். நம் காருக்கே ஆகும் சேதத்துக்குச் சிலர் மறுப்பார்கள், தருபவர்களும் நாளைக்கு க்ளெய்ம் வந்தால் ரீபில்ட் என்று மதிப்பைக் குறைப்பார்கள். மூன்றாவது கால் பேங்குக்கு, கடன் வாங்குவதாக இருந்தால் மட்டும். பெரிய பேங்குகள் பல மறுக்கும், சில கிரெடிட் யூனியன்கள் தரும். கடன் வாங்கித்தான் வாங்க முடியும் என்றால் இந்தக் காரை விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

படி 4: லிஃப்டில் ஏற்றுங்கள்

மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லையா, எலக்ட்ரிக் காருக்குப் பல் அடியில் இருக்கிறது. ஹை வோல்டேஜ் வேலை தெரிந்த தனி மெக்கானிக்கைத் தேடுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம். 200, 300 டாலர் கேட்பார், கொடுங்கள்.

நான் வேண்டாம் என்று விட்ட மாடல் 3 கதையைச் சொல்கிறேன். நகருக்கு வெளியே ஒரு சின்ன டீலர், பெயர் வேண்டாம். "ஃப்ரன்ட் பம்பர் மட்டும்தான் சார்" என்றார். ஏலப் படத்திலும் முன் இடதுபுறம்தான் நசுங்கியிருந்தது. லிஃப்டில் ஏற்றியதும் மெக்கானிக் டார்ச்சைப் பேட்டரியின் அடித்தகட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராக அடித்தால் தெரியாதது சாய்த்து அடித்தால் தெரிகிறது. முன் ஓரத்தில் இருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், அதன்மேல் புதுக் கறுப்புப் பெயின்ட். விரலை ஓட்டினால் மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு, அந்த இடம் மட்டும் வழவழப்பு. சற்றுத் தள்ளிப் பேக்கைப் பிடிக்கும் போல்ட்டுகள். மற்றவற்றில் எல்லாம் தூசி படிந்திருக்க, நான்கின் தலையில் மட்டும் ஸ்பேனர் பிடித்த வெள்ளைக் கீறல். யாரோ பேக்கை இறக்கியிருக்கிறார்கள், அல்லது இறக்கப் பார்த்திருக்கிறார்கள். டீலரைக் கேட்டேன். "அது ஃபேக்டரிலயே அப்படித்தான் சார்" என்றார்.

பார்க்க வேண்டியவை: அடித்தகட்டில் பள்ளம், புதுப் பெயின்ட், விளிம்பில் ஒட்டுப்பசையின் நிறம் மாறியிருக்கிறதா, ஆரஞ்சு கேபிள்களில் டேப் சுற்றியோ, உறை கிழிந்தோ இருக்கிறதா, கூலன்ட் குழாய் இணைப்புகளில் கசிந்து காய்ந்த கறை. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் எதையும் நீங்கள் தொடாதீர்கள், பார்த்தால் போதும். விபத்தில் ஏர்பேக் வெடிக்கும்போது பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கிற வெடி ஃபியூஸ் பல கார்களில் உண்டு. அது வெடித்த காரில் அசல் ஃபியூஸ் மாட்டினார்களா, கம்பி போட்டுச் சமாளித்தார்களா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளத்தை மறைத்து விற்பவர்களும் உண்டு. அதற்கு என் சோதனை சீட் பெல்ட். கடைசி வரை இழுங்கள், வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே கிடக்கும் பகுதியில் சேறு காய்ந்த கோடு இருந்தால் கதை முடிந்தது. சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டரில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தாலும் அப்படியே. காருக்குள் ஏறியதும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பெல்ட்டை இழுத்தபடியே, அது மாற்றியதா என்று தெரிந்துகொள்ள, அதன் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த தேதியையும் பாருங்கள். ஏலப் படத்தில் ஏர்பேக் வெடித்திருந்தால் புதிதாக மாட்டியது எங்கே வாங்கியது என்று ரசீது கேளுங்கள். 2024 ஜூலையில் என்எச்டிஎஸ்ஏ ஒரு எச்சரிக்கை விட்டது. விபத்துக்குப் பின் ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டரை மலிவான போலியாக மாட்டிய பழைய கார்களில், சாதாரணமாகப் பிழைத்திருக்க வேண்டிய மோதல்களில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். உலோகத் துண்டுகள் ஓட்டுநரின் நெஞ்சிலும் கழுத்திலும் பாய்ந்தன. ரசீது இல்லாத ஏர்பேக்கை ஏர்பேக்காகவே நான் கணக்கில் எடுப்பதில்லை.

படி 5: பேட்டரியைப் பேசவிடுங்கள்

இன்னும் எத்தனை மைல் ஓடும் என்று டாஷ்போர்டில் காட்டும் கணக்கை நம்ப வேண்டாம், அது கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதைப் பொறுத்தது. 30, 40 டாலருக்கு காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி டாங்கிள் ஒன்றை வாங்கி போனில் இணைத்துக்கொள்ளுங்கள். நிசான் லீஃபுக்கு லீஃப் ஸ்பை, டெஸ்லாவுக்கு ஸ்கேன் மை டெஸ்லா, மற்றவற்றுக்கு கார் ஸ்கேனர் ஆப்பே போதும். டெஸ்லாவுக்குத் தனி இணைப்புக் கேபிளும் வேண்டும்.

சார்ஜ் பாதியில் இருக்கும்போது, கார் கொஞ்ச நேரம் சும்மா நின்ற பிறகு, செல்களில் அதிக வோல்டேஜுக்கும் குறைந்த வோல்டேஜுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10, 20 மில்லிவோல்ட் என்றால் நல்லது. 50-ஐத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு செல் மட்டும் தனியாகக் கீழே கிடந்தால் வாங்காதீர்கள். பிறகு சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கி மறுபடி பாருங்கள், கெட்ட செல் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். விற்பவர் எப்போதும் 90 சதவீதம் ஏற்றியே நிறுத்தியிருந்தால் அதற்கும் காரணம் இருக்கலாம்.

கோளாறுக் குறியீடுகளில் பி0ஏஏ6 என்று எது வந்தாலும் உஷாராகுங்கள். ஹை வோல்டேஜ் மின்சாரம் காரின் உடம்புக்குக் கசிகிறது என்பதற்கான குறியீடு அது. எந்தக் குறியீடுமே இல்லாமல், நேற்றுதான் அழித்ததாகத் தெரிந்தாலும் சும்மா விடாதீர்கள். ஐம்பது மைல் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

அடுத்தது சார்ஜ். வீட்டுச் சார்ஜரில் ஒருமுறை, பொது ஃபாஸ்ட் சார்ஜரில் ஒருமுறை, இரண்டிலும் நீங்களே செருகிப் பாருங்கள். ஃபாஸ்ட் சார்ஜில் குறைந்தது இருபது நிமிஷம் நில்லுங்கள், பாதியில் அறுந்தால் ஏதோ சூடாகிறது. பழைய போல்ட்டில் ஃபாஸ்ட் சார்ஜிங் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் வசதி, எல்லாக் காரிலும் இருக்காது. சார்ஜ் வாயில் வட்டத்துக்குக் கீழே இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் 55 கிலோவாட்டுக்கு மேல் இழுக்காது, அது கோளாறு இல்லை.

ஓட்டிப் பார்ப்பதில் மற்ற கார்களுக்கு என்ன பார்ப்பீர்களோ அதேதான். கூடுதலாக, முன்கண்ணாடியோ பம்பரோ மாற்றியிருந்தால் கேமராவையும் ரேடாரையும் மறுபடி அளவீடு செய்தார்களா என்று கேளுங்கள். லேன் நடுவில் பிடிக்கத் தெரியாமல் கார் தடுமாறினால் செய்யவில்லை.

படி 6: கணக்கு

ரீபில்ட் கார் 20 முதல் 40 சதவீதம் மலிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் எதில் இருந்து 40 சதவீதம்? நல்ல டைட்டில் உள்ள பழைய எலக்ட்ரிக் கார்களின் விலையே கடகடவென்று இறங்கும். 2024-இல் வாடகைக் கார் கம்பெனியான ஹெர்ட்ஸ் 20,000 எலக்ட்ரிக் கார்களை விற்கப்போவதாக அறிவித்ததே ஒரு உதாரணம். பழைய எலக்ட்ரிக் காருக்கு மத்திய அரசு தந்த 4,000 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது, அதைக் காட்டி யாராவது விலை சொன்னால் ஏமாறாதீர்கள்.

அந்த வாட்ஸ்அப் மாடல் 3-ஐ எடுத்துக்கொள்வோம். நல்ல டைட்டிலில் அதே கார் 21,000 என்று வையுங்கள். 15,500-க்கு வாங்கினால் லாபம் 5,500. ஐந்து வருஷம் கழித்து நல்லது 9,000-க்குப் போனால் இது 5,000-க்குப் போகும், அங்கே 4,000 போச்சு. சோதனைக்கு 250. மிச்சம் 1,250, வருஷத்துக்கு 250 டாலர். அந்த 250 டாலருக்காகப் பேட்டரி வாரன்டியையும் முழு இன்சூரன்ஸையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அவருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

எனக்குக் கணக்கு வேறு மாதிரி வந்தது. கார் 7,800 டாலர், கையில் இருந்த பணம், கடன் இல்லை. ஆபீஸ் போகவர 34 மைல், வீட்டில் இன்னொரு கார் உண்டு. ஓடும்வரை ஓட்டிவிட்டுப் பழைய இரும்புக்குப் போடலாம் என்றுதான் வாங்கினேன், மறுவிற்பனை விலையைப் பூஜ்யம் என்றே வைத்தேன். அப்படி வைத்தும் கட்டுப்படியானால்தான் ரீபில்ட் கார். நல்ல டைட்டில் விலையைவிட 35 சதவீதமாவது குறையாத பேரத்தில் நான் உட்காரவே மாட்டேன். டெக்ஸஸ்காரர்கள் எலக்ட்ரிக் காருக்கு வருஷா வருஷம் தனியாகக் கட்டும் 200 டாலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: பணம் கைமாறும்போது

டைட்டிலைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கூடாது. "ரீபில்ட் வந்துடும், அப்ளை பண்ணியாச்சு" என்றால் இப்போது அது சால்வேஜ் கார், உங்கள் பெயரில் பதிவு செய்து ஓட்ட முடியாது. டைட்டிலில் இருக்கும் பெயரும் விற்பவரின் லைசென்ஸில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நடுவில் யாரோ கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயர் காலியாக இருக்கும் டைட்டிலை வாங்கினால் வண்டிப் பதிவு ஆபீஸான டிஎம்வி வாசலில் அலைவது நீங்கள்தான். மாற்றிய பாகங்களின் ரசீதுகள், ஏலப் படங்கள், மெக்கானிக் அறிக்கை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். இன்சூரன்ஸ்காரர் கேட்பார், நாளைக்கு விற்க நேர்ந்தால் வாங்குபவரும் கேட்பார்.

வாங்கி முதல் ஒரு மாதம் காரை வெளியிலேயே நிறுத்தி, வெளியிலேயே சார்ஜ் போட்டேன். போல்ட்டில் மூன்று கூலன்ட் தொட்டிகள் உண்டு. வாங்கிய அன்றே மூன்றிலும் திரவம் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவைத்தேன். பேட்டரி பக்கத் தொட்டியில் கோடு இறங்கினால் எங்கோ உள்ளே கசிகிறது என்று அர்த்தம். முதல் மாதம் தினமும் காலையில் பானட்டைத் தூக்கிப் பார்த்தேன், அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை. இப்போது மாதத்துக்கு ஒருமுறைதான் தூக்குகிறேன். மார்க்கர் மை மங்கிவிட்டதால் போன வாரம் அதே இடத்தில் மறுபடி கோடு போட்டேன்.